சிவப்பு மணல் பெட்டி

அத்தியாயம் 9

லொள்ளுவுக்குத் தும்மல் வந்தால் ஒன்றோடு நிற்காது. கடைசல் பட்டறையின் வாசலைத் தாண்டியதுமே ஆரம்பித்துவிட்டது.

"டீச்சர், இங்க எங்கேயோ பூனை இருக்கு."

"பூனையைக் கண்டுபிடிக்க யாரும் நம்மைக் கூப்பிடலை. வெள்ளையா கிடக்குற இடத்துல கால் வைக்காம வா."

டீச்சர் இப்போது டீச்சர் இல்லை. பல வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுத்தவர். பரீட்சையில் பிள்ளைகள் ஒளித்து வைக்கும் பிட்டுகளைக் கண்டுபிடிப்பதில் இருந்த சுகம் பாடம் நடத்துவதில் இல்லையென்று, வேலையை விட்டுத் துப்பறியும் நிலையம் திறந்துவிட்டார். லொள்ளு அவருடைய உதவியாளன். முன்பு பஸ் கண்டக்டர். மொத்தப் பயணிகளும் பேசுவதைவிடத் தான் அதிகம் பேசியதால் வேலை போனது என்று அவனே சொல்லிக்கொள்வான். அந்தப் பட்டப்பெயரை யார் வைத்தார்களோ தெரியாது, பொருத்தத்துக்குக் குறைவில்லை.

பட்டறையின் ஒரு மூலையில் தரை, சுவர், கடைசல் இயந்திரம் எல்லாவற்றின் மேலும் மாவைச் சலித்துக் கொட்டியது போல ஒரே வெள்ளை. கடைசல்காரர் இறந்துபோனது அந்த இடத்தில்தான். லொள்ளு தன்னையறியாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"தீப்பிடிச்சா கரிதானே மிஞ்சும்? இதென்ன டீச்சர், சுண்ணாம்படிச்ச மாதிரி?"

"மெக்னீசியம் எரிஞ்சா மிஞ்சுறது வெள்ளைச் சாம்பல். நெஞ்செரிச்சலுக்குன்னு சட்டைப் பையில ஒரு பால் மருந்து வச்சிருக்கியே, அதுலயும் மெக்னீசியம்தான், இதுக்குச் சொந்தக்காரன்."

லொள்ளு பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "உள்ளே போனா எரிச்சலை அணைக்குது, வெளியே இருந்தா எரியுது. எங்க மாமனாரும் இப்படித்தான். ஊருக்கெல்லாம் நல்லவர்."

டீச்சர் சிரிக்கவில்லை. நேற்றிலிருந்தே அவர் சிரிக்கவில்லை.

நேற்று அவர்கள் அலுவலகத்துக்கு அந்த அம்மாள் வந்திருந்தாள். பட்டறையைக் கூட்டித் துடைக்கிறவள். இறந்துபோன கடைசல்காரரின் உடன்பிறந்த அக்கா. பட்டறையில் அத்தனை பேருக்கும் அவள் அக்காதான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"என் தம்பி தண்ணி ஊத்தலை டீச்சரம்மா. புதுசா யார் வேலைக்குச் சேர்ந்தாலும் மொத நாளே, 'தீப்பிடிச்சா தண்ணி பக்கம் போகாதே, மணல் பக்கம் போ'ன்னு சொல்லிக் கொடுக்கிறவன். அவனா ஊத்துவான்?"

பட்டறையில் சக்கர நாற்காலிகளுக்கான குடங்களை, அதாவது சக்கரத்தின் நடுவில் அச்சு நுழையும் பாகத்தை, கடைந்துகொண்டிருந்தார்கள். கனமில்லாத உலோகம் வேண்டுமென்று மெக்னீசியம். அதைக் கடையும்போது சுருள் சுருளாக உதிரும் சீவலில் ஒரு பொறி விழுந்தாலும் பற்றிக்கொள்ளும். எரிகிற மெக்னீசியத்தில் தண்ணீர் பட்டால் அது தண்ணீரையே உடைத்து வாயுவாக்கி வெடிக்கும். கடைசல்காரர் பதற்றத்தில் தண்ணீரை ஊற்றினார், வெடித்தது, செத்தார் என்பது முதலாளியின் வாக்கு. இன்று மத்தியானம் விசாரணை அதிகாரி வந்து அதையே எழுதிக்கொண்டு போய்விடுவார்.

"எழுதிட்டா அழிக்க முடியாதாமே," என்றாள் அக்கா. "தாயில்லாத பொண்ணு ஒண்ணு இருக்கு அவனுக்கு. என்கிட்டதான் வளருது. நாளைக்கு யாராவது அதைப் பார்த்து, 'உங்கப்பன் முட்டாள்தனமா செத்தான்'னு சொன்னா, இல்லேன்னு காட்ட என்கிட்ட என்ன இருக்கு?"

போகும்போது லொள்ளுவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீயாவது டீச்சருக்கு எடுத்துச் சொல்லு தம்பி," என்றாள். அவனுக்கு வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. அது அவன் வாழ்க்கையில் அபூர்வம்.

முதலாளி தன் அறையிலிருந்து வந்தார். சவரம் செய்யாத முகம். தூங்கியே நாளாகியிருக்கும்போலத் தெரிந்தது.

"பாருங்க மேடம், நல்லா பாருங்க. என் ரூம்லதான் இருந்தேன். டமார்னு ஒரு சத்தம். மெக்னீசியம் சும்மா எரிஞ்சா வெளிச்சம்தான் வரும். தண்ணி பட்டாத்தான் அப்படி வெடிக்கும்."

"நூத்துக்கு நூறு சரி," என்றார் டீச்சர்.

முதலாளி சண்டைக்குத் தயாராக வந்தவர். பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காமல் நின்றார்.

லொள்ளு சுவரில் மாட்டியிருந்த பெரிய சிவப்பு சிலிண்டரைக் காட்டினான். "இத்தாம்பெரிய தீயணைப்பானை அழகுக்கா மாட்டியிருக்கீங்க? இதை எடுத்து அடிச்சிருக்கலாமே?"

"அதுக்குள்ள இருக்கிறது கரியமில வாயு," என்றார் டீச்சர். "மத்த தீ அதுல மூச்சுத் திணறிச் செத்துப் போயிடும். மெக்னீசியம் அதையும் பிடுங்கித் தின்னுட்டு எரியும். அதோட சீல் உடையவே இல்லை, பாரு. கைக்கு எட்டுற தூரத்துல இருந்தும் அவர் தொடலை. அந்தப் பரபரப்புலயும் எதைத் தொடக்கூடாதுன்னு ஞாபகம் வச்சிருந்த மனுஷன், தண்ணியை மட்டும் மறந்துட்டாரா?"

"உயிர் பயம் மேடம். அந்த நேரத்துல யாருக்கு மூளை வேலை செய்யும்?"

"சரி. உள்ளே தண்ணி எங்கெங்க இருக்கு?"

"குழாய் முற்றத்துல. உள்ளே அந்த வாளி ஒண்ணுதான். காகிதம், மரம் ஏதாவது எரிஞ்சா ஊத்துறதுக்கு மாட்டி வச்சது."

கொக்கியில் ஓர் இரும்பு வாளி தொங்கியது. உள்ளே தண்ணீர் இருந்தது. முதலாளி எதிர்க்கேள்விக்குக் காத்திருக்காமல், "அப்புறம் யாராவது ரொப்பி மாட்டியிருப்பாங்க," என்றார்.

டீச்சர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வாளியின் பிடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு லொள்ளுவைப் பக்கத்தில் கூப்பிட்டார். வாளியின் பிடிக்கும் சுவருக்கும் இடையே ஒரு சிலந்தி வலை. வலையின் ஒவ்வோர் இழையிலும் அந்த வெள்ளைச் சாம்பல் படிந்திருந்தது.

லொள்ளுவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "தீப்பிடிச்ச அன்னிக்கே இந்த வலை இங்க இருந்திருக்கு!"

"வாளியைத் தூக்கியிருந்தா அறுந்திருக்கும்."

"போதும் டீச்சர். சிலந்திக்குச் சம்மன் அனுப்பிடலாம். எட்டுக் காலையும் தூக்கிச் சத்தியம் பண்ணும்."

முதலாளி அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்தார். பொய்யில் மாட்டிக்கொண்டவனின் முகம் இல்லை அது. தன் பேச்சைத் தானே நம்பியிருந்தவரின் முகம். "அப்போ எப்படி வெடிச்சுது? தண்ணி எங்கேருந்து வந்துச்சு?"

"அதுதான் என் கேள்வியும்."

கடைசல் இயந்திரத்துக்கு எதிரே சிவப்பு வண்ணம் பூசிய மரப்பெட்டி ஒன்று. தீயணைக்கும் மணல் பெட்டி. மூடி திறந்து கிடந்தது. மணலை அள்ளும் தகர முறம் பெட்டியில் இல்லை. இறந்தவரின் கைக்குப் பக்கத்தில் கருகிக் கிடந்ததை வெடிச் சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். பார்த்தும் யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

டீச்சர் முழங்கை வரை கையை மணலுக்குள் விட்டார். மேலே பொலபொலவென்று உதிர்ந்தது. அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கி, விரல்களைத் திறந்தார். மணல் உதிரவில்லை. அவருடைய உள்ளங்கை அச்சாக அப்படியே நின்றது.

"ஈரம்," என்றான் லொள்ளு.

"ஆமா. தண்ணி பக்கம் போகலை, சிலிண்டர் பக்கம் போகலை. ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தபடியே மணல் பக்கம்தான் போயிருக்கார். மணல்னு நம்பி அள்ளிப் போட்டதுல தண்ணி இருந்திருக்கு."

அந்த மனிதர் ஒரு தவறும் செய்யவில்லை. சரியானதைச் செய்து செத்திருக்கிறார். லொள்ளுவுக்கு யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. பக்கத்தில் முதலாளிதான் இருந்தார்.

"ஏங்க, ஈர மணலையா வாங்கிப் போட்டீங்க?"

"ஐயோ, இல்லைங்க! மணல் வந்தப்போ அவரே கூரை மேல தகரத்துல பரப்பி, நாள்கணக்கா வெயில்ல காயவச்சு, சூடு ஆறுறதுக்குள்ள பெட்டியில போட்டு மூடினார். நான் கூடவே நின்னேன்."

"இந்தத் தீக்குன்னே ஒரு பொடி விக்குதே, அதை ஏன் வாங்கலை?" என்று கேட்டார் டீச்சர்.

"விலையைக் கேட்டிருக்கீங்களா மேடம்? மெக்னீசியத்துக்கே கையைக் கடிக்குது. மணல்னா ஓசி."

"மெக்னீசியமும் ஓசிதாங்க. கடல் தண்ணியில வேணுங்கிற மட்டும் கரைஞ்சு கிடக்கு. அதைத் தனியா பிரிச்சு எடுக்கச் செலவாகுற மின்சாரத்துக்குத்தான் அந்த விலை. உள்ளே போட்ட அவ்வளவு சக்தியையும் எரியும்போது ஒரே மூச்சுல திருப்பிக் கொடுத்துடும். அப்படிப்பட்டதுக்குப் பக்கத்துல காவலுக்கு ஓசி மணலை வச்சிருக்கீங்க."

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார்.

லொள்ளு கூரையை அண்ணாந்து பார்த்தபடி பட்டறையைச் சுற்றி வந்தான். ஒழுகின தடம் ஒன்றும் இல்லை. பெட்டியின் மேலே குழாயும் போகவில்லை. மூடியின் ஒரு மூலையில் பலகை உடைந்து தலை நுழையும் அளவுக்கு ஓட்டை. மழையே உள்ளே வராத இடத்தில் அந்த ஓட்டையால் என்ன ஆகிவிடும்?

"உன் தண்ணி பாட்டிலைக் கொடு," என்றார் டீச்சர். ஈர மணலை ஒரு சிட்டிகை அதில் போட்டு, மூடிக் குலுக்கி, வெளிச்சத்தில் பிடித்தார். மணல் அடியில் தங்கியது. தண்ணீரின் மேல் ஒரு விரற்கடைக்கு நுரை நின்றது.

"மணல் நுரைக்குமா டீச்சர்?"

"நுரைக்காது."

"அப்படின்னா யாரோ சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியிருக்காங்க. தலை துவட்டிப் பவுடர் பூசினதுதான் பாக்கி." சொல்லிவிட்டு அடுத்தடுத்துத் தும்மினான். காலருகே ஏதோ உரசிக்கொண்டு போனது. சாம்பல் நிறப் பூனை ஒன்று யாரையும் சட்டை செய்யாமல் பெட்டிக்குள் குதித்து, காலால் குழி பறித்து, வாலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தது.

"அடச்சீ! கிடைச்ச ஒரே தடயத்து மேலயா!"

"அதுக்கு அதான் கக்கூஸ்," என்றார் முதலாளி. "அந்த ஓட்டை வழியா நுழைஞ்சுடும். எத்தனை விரட்டினாலும் திரும்ப வந்துடும். நின்னு வேலை பார்க்க முடியலை, நாத்தம் குடலைப் புரட்டுதுன்னு கடைசல்காரர்கூடப் புலம்பிக்கிட்டே இருந்தார்."

லொள்ளு சிரித்தான். பாட்டிலை டீச்சர் கையிலிருந்து வாங்கி மோந்து பார்த்தான். எலுமிச்சை வாசனை. சிரிப்பு அப்படியே நின்றது.

நேற்று அவன் கைகளைப் பிடித்த கைகளில் இதே வாசனைதான் இருந்தது. தரை துடைத்துத் துடைத்துத் தோலில் ஊறிப்போன சோப்பு வாசனை. அவள் போன பிறகும் கொஞ்ச நேரம் அவன் விரல்களில் இருந்தது.

அவன் டீச்சரைப் பார்த்தான். டீச்சர் அதற்கு முன்பே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், வேண்டாம்."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"அதைத்தான் சொல்றேன். சொல்லாதீங்க."

வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம். விசாரணை அதிகாரி வந்துவிட்டார். முதலாளி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அவரை வரவேற்க ஓடினார். அவர் போன வழியிலேயே அக்கா வந்தாள், ஒரு தட்டில் டீ டம்ளர்களுடன்.

"ஏதாவது தெரிஞ்சுதா டீச்சரம்மா?"

டீச்சர் அவள் கையிலிருந்து தட்டை வாங்கிக் கீழே வைத்தார். "உங்க தம்பி தண்ணி ஊத்தலை. அதைக் காட்ட ஆதாரம் இருக்கு." வாளியையும் வலையையும் காட்டினார்.

அக்கா அந்த வலையைத் தொடப் போய், அறுந்துவிடுமோ என்று கையை இழுத்துக்கொண்டாள். இறந்த அன்றிலிருந்து அடக்கி வைத்திருந்தாளோ என்னவோ, அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். "எனக்குத் தெரியும். என் ராசாவை எனக்குத் தெரியாதா? அப்படின்னா என்னதான் பண்ணினான் டீச்சரம்மா?"

"மணலை அள்ளிப் போட்டார். என்ன செய்யணுமோ அதைத்தான் செஞ்சார்."

"செஞ்சுமா வெடிச்சுது?"

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் லொள்ளு குறுக்கே விழுந்தான். "மணல் ஈரமா இருந்திருக்குக்கா. கூரை ஒழுகியிருக்கு. அதான்."

பொய் சொல்வது அவனுக்குப் புதிதல்ல. கண்டக்டர் வேலையில், பின்னால் வண்டி காலியாக வருகிறது என்று தினமும் சொன்னவன். இதைச் சொல்லும்போது மட்டும் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"கூரையா?" அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே மேலே பார்த்தாள். "இந்தக் கூரை ஒழுகாதே தம்பி. இங்க தினமும் கூட்டித் துடைக்கிறவ நான். எத்தனை மழை அடிச்சாலும் ஒரு பொட்டுத் தண்ணிகூட..."

அவள் பேச்சு நின்றது. மேலே பார்த்த கண்கள் இறங்கின. சிவப்புப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்தாள்.

லொள்ளுவுக்கு அங்கிருந்து ஓடிவிடலாம்போல இருந்தது.

"நாறுதுக்கான்னு சொன்னான்," என்றாள் அக்கா. யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. "சோறே இறங்கலைக்கான்னான். லீவு நாள்ல வந்து, மணல் பூராவும் முற்றத்துல அள்ளிப் போட்டு, சோப்புப் போட்டுக் கழுவினேன். வெயில்லதான் கொட்டி வச்சேன். மேலாப்புல காஞ்சிடுச்சு. திரும்பப் பெட்டியில போட்டு மூடி வச்சுட்டுப் போயிட்டேன். மறுநாள் வேலைக்கு வந்ததும், 'இன்னிக்கு நாறலையேக்கா'ன்னு சிரிச்சான். அதுக்கு அப்புறம் கொஞ்ச நேரத்துலதான்..."

"அக்கா," என்றான் லொள்ளு.

"தண்ணிதான் ஊத்தக்கூடாது, மணல் கொஞ்சம் ஈரமா இருந்தா என்னன்னுதானே நினைச்சேன். ஈர மணல் போட்டா எல்லாத் தீயும் அணையும்தானே தம்பி?"

டீச்சர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "எல்லாத் தீயும் அப்படித்தான் அணையும். இது ஒண்ணுதான் அணையாது. மணல்ல ஈரம் இருந்தாலும் ஆபத்துன்னு யாரும் உங்களுக்குச் சொல்லலை. கூட்டுறவங்களுக்கு எதுக்குன்னு விட்டுட்டாங்க. பொடி வாங்காதது முதலாளி தப்பு. 'ஈரம் படக்கூடாது'ன்னு பெட்டி மேல எழுதி ஒட்டாதது அவர் தப்பு. அதை அதிகாரி முன்னால சொல்லாம நான் இங்கேருந்து போகப் போறதில்லை."

"எப்படிச் சொன்னாலும் கழுவினது இந்தக் கைதானே?"

டீச்சர் அந்தக் கைகளைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

லொள்ளு இருவருக்கும் எதிரே குந்தினான். "நாம வலையோட நிறுத்திக்கலாம்க்கா. தண்ணி ஊத்தலைன்னு மட்டும் சொல்வோம். மீதி யாருக்கும் தெரிய வேண்டாம்."

"நிறுத்தினா, 'பின்னே எப்படி வெடிச்சது'ன்னு அதிகாரி கேட்பார்," என்றார் டீச்சர் மெதுவாக. "பதில் சொல்லலைன்னா பழையபடி அது தம்பி தலையிலதான் வந்து விடியும். உங்ககிட்ட மறைக்க எனக்கு மனசு வரலை. ஆனா சொல்லுன்னு கட்டாயப்படுத்தவும் மாட்டேன்."

"பாப்பா இருக்கு டீச்சர்!" என்றான் லொள்ளு. "ராத்திரி இவங்க பக்கத்துலதான் படுத்துக்குது. நாளைக்கு அது வந்து, 'நீயா அத்தை கழுவினே?'ன்னு கேட்டா?"

அக்கா கீழே இருந்த டீத் தட்டைப் பார்த்தாள். டம்ளரில் டீ மேல் ஆடை படிந்துவிட்டது.

"கேட்கும்," என்றாள். "கேட்டு அழும். என்கிட்ட பேசாம இருக்கும். என் மேல உள்ள கோவம் ஒருநாள் இல்லேன்னா ஒருநாள் ஆறும் தம்பி. ஆறாட்டியும் பரவாயில்லை. அப்பன் முட்டாள்னு நினைச்சுக்கிட்டு வளரக்கூடாது."

எழுந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள், வேலைக்குக் கிளம்புகிறவள் மாதிரி. லொள்ளு தடுக்கக் கையை நீட்டினான். டீச்சர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

முதலாளியின் அறையில் விசாரணை அதிகாரி காகிதங்களைப் பிரித்து வைத்திருந்தார். அக்கா கதவைத் தட்டவில்லை. இத்தனை வருஷம் துடைத்த அறை, ஆனால் வாசற்படியைத் தாண்டாமல் வெளியிலேயே நின்றாள்.

"ஐயா, நான் செத்துப்போனவனோட அக்கா. என் தம்பி தண்ணி ஊத்தலைங்க."

"அதைத்தாம்மா விசாரிக்க வந்திருக்கேன். அவர் ஊத்தலைன்னா வேற யார் ஊத்தினது?"

"நான்தான் ஊத்தினேன்."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். முதலாளி நாற்காலியிலிருந்து பாதி எழுந்து அப்படியே நின்றுவிட்டார். அக்காவுக்குப் பின்னால் நின்ற லொள்ளுவுக்கு அவள் முகம் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் கோத்திருந்த கைகள்தான் தெரிந்தன. அவை ஒன்றையொன்று தேய்த்துக் கழுவுவது போலப் பிசைந்துகொண்டே இருந்தன. அதிகாரி ஒன்றும் புரியாமல் பேனாவைக் காகிதத்துக்கு மேலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் சொல்றேங்க," என்றாள் அக்கா. "அவன் பேர்ல மட்டும் எழுதிடாதீங்க. என் பேர்ல எழுதிக்குங்க."